கடன் வாங்கிய சுருதி

டயல் காட்டும் எண் நிஜம்தானா? அதைத் தெரிந்துகொள்ள இந்திய ஹாம் ரேடியோக்காரர்கள் காது கொடுப்பது சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும். தில்லியின் குரல் எப்போதோ அடங்கிவிட்டது

இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவை 10 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால், அயனி மண்டலம் ஒத்துழைக்கும் நாட்களில் கேட்பது ஒரே சத்தம்தான். டிக், டிக், டிக். வினாடிக்கு ஒன்று. பாட்டு கிடையாது, செய்தி கிடையாது, விளம்பரம் கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை ஒரு பெண் குரல் சீன மொழியில் நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது. மறுபடியும் டிக், டிக்.

பி.பி.எம். என்பது அந்த நிலையத்தின் அழைப்புக் குறி. சீனாவின் ஷான்ஸி மாகாணத்தில் உள்ள புச்செங்கிலிருந்து ஒலிபரப்பாகிறது. வேலை, உலகத்துக்கு மணி சொல்வது. மணி பார்க்க இன்று யாருக்கும் ரேடியோ தேவையில்லை. சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது. ஆனாலும் இந்தியாவில் இதைத் தேடிப் பிடித்துக் கேட்கும் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. அவர்களுக்கு அந்த டிக் சத்தம் பொருட்டே இல்லை. அதைத் தாங்கிவரும் கேரியர் அலைதான் முக்கியம். வினாடிக்கு மிகச் சரியாக ஒரு கோடி முறை அதிரும் அலை அது. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அணுக் கடிகாரத்தின் கட்டுப்பாட்டில் ஓடுகிறது.

இந்தக் கூட்டம்தான் ஹாம்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறியோடு உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே உலகத்தோடு ரேடியோவில் பேசுபவர்கள். பேசுவதற்கும் கேட்பதற்கும் அவர்கள் பயன்படுத்தும் ஒரே பெட்டிக்கு டிரான்ஸீவர் என்று பெயர். அந்தப் பெட்டியின் முகப்பில் 14.200.00 என்று எண் ஒளிரும். தசமப் புள்ளிக்குப் பின்னால் இத்தனை இலக்கங்களைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடுகிறது. பல பெட்டிகளில் அது பொய்யான நம்பிக்கை.

காரணம், அந்த எண்ணை யாரும் அளப்பதில்லை. பெட்டிக்குள் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது. அது 25 மெகாஹெர்ட்ஸில் அதிர்கிறது என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரு சிப் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. திரையில் தெரிவது அந்தக் கணக்கின் விடை. கிரிஸ்டல் சொன்ன சொல் தவறினால் விடையும் தவறு. கடைகளில் கிடைக்கும் மலிவான கிரிஸ்டல்களுக்குத் தயாரிப்பாளர்களே தரும் உத்தரவாதம், பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 பங்கு வரை பிழை இருக்கலாம் என்பதுதான். 30 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கைக்கடிகாரத்தில் இதே பிழை இருந்தால் நாளுக்கு இரண்டரை வினாடி தவறும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் அது 210 ஹெர்ட்ஸ். 14 மெகாஹெர்ட்ஸில் 420. 28 மெகாஹெர்ட்ஸில் 840.

420 ஹெர்ட்ஸ் பெரிய தொகையா? யாரோடு, எந்த முறையில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஹாம்கள் குரலை அனுப்பும் எஸ்.எஸ்.பி. முறையில் கேரியரை வெட்டி எறிந்துவிட்டுக் குரலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புகிறார்கள். மின்சக்தி மிச்சம், இடமும் மிச்சம். விலை ஒன்று உண்டு. அனுப்புபவரின் டயலும் கேட்பவரின் டயலும் ஒத்துப்போகாவிட்டால் குரலின் ஒவ்வொரு ஸ்வரமும் அதே அளவு நகர்ந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் விலகினால் கனத்த குரல் கொஞ்சம் மெலியும். 100, 150 என்றால் வாத்து பேசுவது போல் இருக்கும். 400 விலகினால் என்ன மொழி என்றே தெரியாது. சாதாரண அரட்டையில் கேட்பவர் டயலைச் சற்றுத் திருகிச் சரி செய்துகொள்வார். ஒரே அதிர்வெண்ணில் இருபது பேர் வரிசையாகப் பேசும்போது, ஆளுக்கு ஒரு பக்கம் விலகியிருந்தால், திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்படி வரிசையாகப் பேச வேண்டிய நேரங்கள் பெரும்பாலும் நல்ல நேரங்கள் அல்ல. 2001 ஜனவரியில் குஜராத்தின் பூஜ் நகரம் பூகம்பத்தில் சரிந்தபோது ஹாம்கள் பெட்டிகளோடு போய் இறங்கினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் இருந்தார். வந்தது பொழுதுபோக்குக்காக. அரிதான இடத்திலிருந்து உலக ஹாம்களோடு பேசும் ஒரு முகாம் அது. தொலைபேசிகள் செத்துப்போன அந்த நாட்களில் அவருடைய குழுவின் ஆன்டெனா, தீவுகளையும் பெருநிலத்தையும் இணைக்கும் வழியாகிவிட்டது. இப்படிப்பட்ட நேரங்களில் ரேடியோவில் போவது பெரும்பாலும் பெயர்கள். இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னாரைக் காணவில்லை. அறிமுகமில்லாத ஊர்ப் பெயர், அறிமுகமில்லாத ஆள் பெயர். வாக்கியத்தில் ஒரு சொல் போனால் ஊகிக்கலாம். பெயரில் ஓர் எழுத்து போனால் ஊகிக்க எதுவும் இல்லை.

குரலாவது பரவாயில்லை. காதும் மூளையும் கொஞ்சம் ஒத்தாசை செய்யும். கம்ப்யூட்டருக்கு அந்த இரக்கம் கிடையாது. இயற்பியலுக்காக 1993-ல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஒரு ஹாம். 2008-ல் அவர் உருவாக்கிய டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற முறையை எல்லோரும் ‘விஸ்பர்’ என்றே அழைக்கிறார்கள். கிசுகிசுப்புதான். டார்ச் பல்புக்குக் கூடப் போதாத 200 மில்லிவாட் சக்தியில் கிளம்பும் சமிக்ஞை சில நேரம் கடல் கடந்து பதிவாகிவிடும். ஆனால் உலகம் முழுவதும் இதற்காகக் காத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் கவனிப்பது ஒவ்வொரு அலைப்பட்டையிலும் 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே ஒரு ஜன்னலை. ஜன்னலின் நடுவே குறிவைத்தாலும் 100 ஹெர்ட்ஸ் விலகினால் வெளியே. 14 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்துக்கு ஏழு பங்கு பிழை போதும். அனுப்பியவர் ஆன்டெனாவைச் சந்தேகிப்பார், கேபிளைச் சந்தேகிப்பார், சூரியப் புள்ளிகளைக் கூடத் திட்டுவார். கிரிஸ்டலைச் சந்தேகிக்கத் தோன்றாது. எண் அழகாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறதே!

சட்டமும் இருக்கிறது. 20 மீட்டர் பட்டை 14.000-ல் தொடங்கி 14.350-ல் முடிகிறது. அதற்கு வெளியே வேறு யாருடையோ சொத்து. எல்லை தாண்டிவிட்டு, டயல் உள்ளேதான் காட்டியது என்று சொல்வது செல்லுபடியாகாது. பெட்டி பொய் சொன்னால் பொறுப்பு உரிமதாரருக்கு.

ஜப்பானியப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. வெப்பத்தை ஈடுகட்டும் டி.சி.எக்ஸ்.ஓ. என்ற நல்ல கிரிஸ்டல் அவற்றில் இருக்கும். பத்து லட்சத்துக்கு அரைப் பங்கு என்பது இன்று பல மாடல்களின் உத்தரவாதம். 14 மெகாஹெர்ட்ஸில் 7 ஹெர்ட்ஸ். விலைதான் கையைச் சுடும். இந்தியாவில் இந்தப் பிரச்சினை சூடு பிடிப்பது சொந்தமாகச் செய்த பெட்டிகளில். அதற்கு ஒரு வகையில் காரணம் ஹைதராபாத்காரரான அஷர் ஃபர்ஹான். ‘லாமகான்’ என்ற கலாசார வெளியைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் அந்த நகரம் அவரை அறியும். 2000களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ் என்ற வரைபடம், சாமானியர் கைக்கு டிரான்ஸீவரைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சுருள்களுக்குப் பதிலாகக் குழாயில் போடும் நைலான் வாஷரில் கம்பி சுற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன வரைபடம் அது! பின்னர், 2017-ல் தொடங்கி, மைக்ரோ பிட்எக்ஸ் என்ற பலகையாக, ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று கோத்துத்தர, உலகெங்கும் போனது. ஆரம்ப விலை 109 டாலர்.

பழைய பிட்எக்ஸில் அதிர்வெண்ணை உண்டாக்கியது ஒரு சுருளும் கண்டென்ஸரும். மின்விசிறியைப் போட்டால் நகரும், நிறுத்தினால் நகரும். மைக்ரோ பிட்எக்ஸில் அந்த வேலையை எஸ்.ஐ.5351 என்ற சிப் செய்கிறது. மூன்று ஆஸிலேட்டர்கள் தேவை. மூன்றும் ஒரே 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து பிறக்கின்றன. இந்த அமைப்பின் நன்மை சாதாரணமானதல்ல. பழைய பெட்டிகளில் மூன்று ஆஸிலேட்டருக்கும் மூன்று பிழை. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். இங்கே பிழை ஒன்றே ஒன்று. அதற்குரிய திருத்தத்தை மென்பொருளில் ஓர் எண்ணாகப் போட்டுவிட்டால் எல்லா அலைப்பட்டையிலும், கேட்பதிலும் அனுப்புவதிலும், ஒரே அடியில் சரியாகிவிடும். அந்த எண் எவ்வளவு என்று கண்டுபிடிக்க, பெட்டிக்கு வெளியே நம்பத்தக்க ஓர் அலை வேண்டும்.

இங்கே ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. இரண்டு தம்புராத் தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது, கிட்டத்தட்ட சேர்ந்துவிட்ட நிலையில் நாதம் எழுந்தும் அடங்கியும் அலைபாயும். நெருங்க நெருங்க அலை நீளும். சேர்ந்த கணத்தில் நின்றுவிடும். இந்த அலைபாய்தலுக்கு நம் இயற்பியல் பாடநூல்களில் ‘விம்மல்’ என்று பெயர். யார் வைத்தாரோ, காது உள்ளவர். ரேடியோவிலும் அதேதான். பி.பி.எம்.மின் கேரியரும் பெட்டியின் ஆஸிலேட்டரும் சந்திக்கும்போது, அவற்றின் வித்தியாசம் ஒரு சீழ்க்கையாகக் கேட்கிறது. டயலைத் திருக, சீழ்க்கை இறங்கி, உறுமலாகி, விம்மி, அடங்குகிறது. ஹாம்கள் இதை ‘ஜீரோ பீட்’ என்பார்கள். அந்த நொடியில் டயல் 10.000.00 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வித்தியாசம்தான் பிழை.

பழைய கையேடுகளில் விஷயம் இத்தோடு முடிந்துவிடும். எஸ்.எஸ்.பி. பெட்டியில் முடியாது. குரலுக்குத் தேவையில்லை என்று 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் ஃபில்டர் வெட்டிவிடுகிறது. சீழ்க்கை இறங்கிக்கொண்டே வந்து, கடைசி 300 ஹெர்ட்ஸில் காணாமல் போய்விடும். எங்கே பூஜ்யம் என்று தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அனுபவசாலிகள் இதற்குச் சுற்றுவழி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்தைத் தேடாதே, ஆயிரத்தைத் தேடு. மேல்பக்கப் பட்டை, அதாவது யு.எஸ்.பி. முறையில் டயலை 9.999.00-ல் வைத்தால் சரியாக 1000 ஹெர்ட்ஸ் சீழ்க்கை கேட்க வேண்டும். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவச மென்பொருள் போதும். 1012 என்று காட்டினால் பெட்டி உண்மையில் 12 ஹெர்ட்ஸ் கீழே இருக்கிறது. பத்து லட்சத்துக்கு 1.2 பங்கு பிழை. கம்ப்யூட்டரின் ஒலி அட்டையிலும் பிழை இருக்குமே என்ற கேள்வி நியாயமானது. இருக்கும். ஆனால் அது ஆயிரம் ஹெர்ட்ஸை மட்டும் அளக்கிறது, ஒரு கோடியை அல்ல. பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிழை என்றாலும் ஆயிரத்தில் அது ஒரு ஹெர்ட்ஸில் இருபதில் ஒரு பங்கு.

கம்ப்யூட்டர் இல்லாதவருக்கு வெறும் காதே போதும். யு.எஸ்.பி.யில் 9.999-ல் ஒரு முறை, கீழ்ப்பக்கப் பட்டையான எல்.எஸ்.பி.யில் 10.001-ல் ஒரு முறை கேட்க வேண்டும். பெட்டி சரியாக இருந்தால் இரண்டு சீழ்க்கையும் ஒரே ஸ்தாயியில் இருக்கும். 12 ஹெர்ட்ஸ் பிழை இருந்தால் ஒன்று 1012, மற்றது 988. ஹார்மோனியத்தின் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. சங்கீதம் கேட்டுப் பழகிய காது விடாது. இரண்டும் ஒன்றாகும்வரை திருத்த எண்ணை மாற்றிக்கொண்டு போக வேண்டும். ஆர்.ஐ.டி. என்ற, கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தும் வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது உத்தமம். அதை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் திருத்தினால், கேட்பது சரியாகி, அனுப்புவது கெட்டுப்போயிருக்கும்.

அவசரக்காரர்களுக்கு இது ஏற்ற வேலை இல்லை. பெட்டியை மூடி, மின்சாரம் கொடுத்து, குறைந்தது அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். கிரிஸ்டல் சூட்டுக்கு ஏற்ப நகரும். மே மாத நாக்பூரில் காலை ஆறு மணிக்குச் சேர்த்த சுருதி மதியம் இரண்டு மணிக்கு நிற்காது. ஏ.சி. அறையில் சேர்த்துவிட்டு மொட்டை மாடியில் பயன்படுத்துவதும் அப்படியே. நேரமும் பார்க்க வேண்டும். நிலையத்திலிருந்து அலை துல்லியமாகவே கிளம்புகிறது. வழியில் அதைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் ஏறி இறங்குவதால், டாப்ளர் விளைவால் அதிர்வெண் சற்று அசைகிறது. பொழுது விடியும்போதும் அடையும்போதும் இது அதிகம். நல்ல நேரத்திலும் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் துல்லியம் எதிர்பார்ப்பது பேராசை. ஒரு கோடியில் ஒரு பங்கு என்றால் 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸ். ஹாமுக்கு அது தாராளம்.

வேறு அலைகளும் உண்டு. பகலில் 15 மெகாஹெர்ட்ஸில் பி.பி.எம். கேட்டால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அதிர்வெண் கூடக் கூடப் பிழையும் பெரிதாகத் தெரியும். மாஸ்கோவின் ஆர்.டபிள்யூ.எம். 4.996, 9.996, 14.996-ல் ஒலிக்கிறது. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. கொலராடோவிலிருந்தும், அதன் தங்கை ஹவாயிலிருந்தும். சில இரவுகளில் 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவும் அமெரிக்காவும் ஒன்றன்மேல் ஒன்றாக டிக் அடிப்பதுண்டு. ஆகாசவாணி போதாதா என்று கேட்பவர்களுக்கு: மத்திய அலை நிலையங்களுக்குச் சர்வதேச விதி அனுமதிக்கும் விலகல் 10 ஹெர்ட்ஸ். சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸில் அது பத்து லட்சத்துக்கு 14 பங்கு. நல்ல நிலையம் அதைவிட ஒழுங்காகவே இருக்கலாம். இருக்கிறது என்று நமக்கு யார் உத்தரவாதம் தருவது?

அந்த உத்தரவாதத்தை ஒரு காலத்தில் தில்லி தந்தது. இந்தியாவின் நேரத்தைக் காப்பது தேசிய இயற்பியல் ஆய்வகம். சீசியம் அணு 919,26,31,770 முறை அதிரும் நேரமே ஒரு வினாடி என்று 1967-ல் உலகம் ஒப்புக்கொண்டது; அந்த வினாடியை நம் நாட்டில் வைத்திருப்பது இந்த ஆய்வகத்தின் கடிகாரங்கள். பல ஆண்டுகள் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக் குறியோடு 10 மெகாஹெர்ட்ஸில் அது ஒலிபரப்பியது. மூத்த ஹாம்கள் பெட்டியைத் திருத்தியது அதை வைத்துத்தான். யுத்தத்துக்குப்பின் கழிவு விலையில் உலகெங்கும் ஹாம்கள் கைக்கு வந்த பி.சி.221 என்ற அமெரிக்க ராணுவ அதிர்வெண்மானிக்குள்ளும், சரிபார்க்க ஒரு கிரிஸ்டல் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அளந்து எழுதிய புத்தகம் கூடவே வரும். புத்தகம் தொலைந்தால் கருவி வெறும் பெட்டி. ஏ.டி.ஏ.வுக்குப் புத்தகம் தேவையில்லை. ரேடியோ வைத்திருக்கும் யாரும், காசு கொடுக்காமல், அனுமதி கேட்காமல், தேசத்தின் அளவுகோலைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

இன்று அந்த ஒலிபரப்பு இல்லை. ஆய்வகம் சும்மா இருக்கவில்லை. அகமதாபாத், பெங்களூர், புவனேஸ்வர், ஃபரீதாபாத், கௌஹாத்தி ஆகிய ஐந்து இடங்களிலுள்ள அளவியல் ஆய்வுக்கூடங்கள் வழியாக இந்திய நேரத்தை நாடு முழுவதும் கொண்டுசெல்லும் திட்டம் உருவானது. எல்லாத் துறைகளும் அதையே பின்பற்ற வேண்டும் என்ற வரைவு விதிகள் 2025 தொடக்கத்தில் வெளியாயின. வங்கிக்கும் பங்குச் சந்தைக்கும் மின்தொகுப்புக்கும் அது தேவை. அவர்களுக்கு அது கம்பி வழியே போகும். மாடியில் ஒற்றைக் கம்பி கட்டியிருப்பவருக்கு, கேட்டுச் சுருதி சேர்க்க ஓர் அலை வேண்டும்.

வசதி உள்ளவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. அதன் சமிக்ஞையைப் பிடிக்கும் சிறு கருவி வினாடிக்கு ஒரு துடிப்பு தருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ளூர் ஆஸிலேட்டர் எத்தனை முறை அதிர்ந்தது என்று எண்ணினால் ஒரு கோடி வர வேண்டும். ஒன்று கூடினால் கடிவாளத்தை இழு, குறைந்தால் தளர்த்து. இப்படிக் கட்டுப்பட்ட 10 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர்கள், செல்போன் கோபுரங்களிலிருந்து கழித்துக் கட்டப்பட்டு, பழைய சாமான் சந்தையில் வருவதுண்டு. நீண்ட நேரச் சராசரியில் ஷார்ட்வேவை இது எளிதாகத் தோற்கடிக்கும். ஆனால் அதுவும் இரவல்தான். கடிகாரம் அமெரிக்க விமானப்படை பராமரிக்கத் தொடங்கி, இப்போது அந்நாட்டு விண்வெளிப் படையின் கையில் இருப்பது.

நமக்கென்று நாவிக் இருக்கிறது. அதன் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபிடியம் கடிகாரங்களும், இறக்குமதி செய்தவை, 2016-ல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடிகாரம் நின்றால் செயற்கைக்கோள் வழி சொல்ல முடியாது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01-ல் முதல்முறையாக இந்தியாவிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் பறந்தது. சாதாரண ரிசீவர்களுக்குத் தோதான எல்1 பட்டையும் அதில் சேர்க்கப்பட்டது. ஹாமின் மேஜைக்கு அந்த நேரம் இன்னும் பரவலாக வந்து சேரவில்லை. வரும்வரை புச்செங்கும் மாஸ்கோவும்தான்.

கிரிஸ்டலுக்கும் வயதாகும். முதல் வருடத்தில் அதிகம் நகரும், பிறகு மெல்ல. அதனால் ஒழுங்கானவர்கள் பெட்டியின் மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டிவைக்கிறார்கள்: திருத்திய தேதி, அறையின் வெப்பம், கேட்ட நிலையம், பழைய எண், புதிய எண். ஆறு மாதத்துக்கு ஒரு வரி கூடும்.